கித்தா காட்டின் கதை – 17: விலைக்கு ஒப்பந்தம் உண்டு, கூலிக்கு?

1979 அக்டோபர் 6. ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் வர்த்தக, வளர்ச்சி மாநாட்டின் ஏற்பாட்டில் நீண்ட நாள் நடந்துவந்த பேச்சுவார்த்தை அன்று ஒரு முடிவுக்கு வந்தது. ரப்பரை விளைவிக்கும் ஏழை நாடுகளும், அதை வாங்கி டயராக்கும் பணக்கார நாடுகளும் ஒன்றாக உட்கார்ந்து, "விலையை இதற்குக் கீழே விழ விடமாட்டோம், இதற்கு மேலே ஏறவும் விடமாட்டோம்" என்று எழுதி ஒப்புக்கொண்டன. அனைத்துலக இயற்கை ரப்பர் ஒப்பந்தம் பிறந்தது. அதை நடத்தும் அமைப்பின் தலைமையகம் கோலாலம்பூரில் அமைந்தது.

கோலாலம்பூரிலிருந்து மேற்கே போனால் கிள்ளான். அங்கிருந்து கோல சிலாங்கூருக்குப் போகும் கடலோரச் சாலையில் வடக்கே திரும்பினால் காப்பார். சாலையின் இரு பக்கமும் தோட்டங்கள். புக்கிட் ராஜா, ஜாலான் ஆக்கோப், நார்த் ஹம்மோக் என்று ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் நம் ஆட்களின் லயங்கள், ஒரு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி. விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, நிரையில் இறங்கி, மங்கில் பால் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே அடுத்த மரத்துக்கு நகர்ந்தவர்களின் ஊர் இது.

அரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் ரப்பர் விலைக்கு ஒப்பந்தம் போட்டுக்கொண்டே இருந்தது. அந்த ஒப்பந்தங்கள் காப்பார் வட்டாரத்து லயங்களுக்கு என்ன கொடுத்தன என்பதுதான் இந்த வாரக் கதை. உலகின் மிக ஏழை நாடுகளுக்கு வர்த்தகத்தின் வழியே கைகொடுப்போம் என்று இன்றும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சை எடைபோட நமக்கு இந்தக் கதை வேண்டும்.

லைபீரியாவும் கிள்ளானும்

ரப்பருக்கு முன்னால் இந்த வட்டாரத்தில் காப்பி இருந்தது. 1890களில் கிள்ளான் சமவெளியில் துரைமார்கள் பயிரிட்டது, மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாக் காப்பி. பிரேசிலில் காப்பி அளவுக்கு மீறி விளைந்ததும் உலக விலை சரிந்தது. கிள்ளான் காப்பித் தோட்டங்கள் நொடித்தன. காப்பிச் செடிகளுக்கு நடுவே நட்ட ரப்பர்க் கன்றுகள் அவர்களைக் காப்பாற்றின. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது. பத்தாண்டுக்குள் இந்தக் கரை முழுக்கக் கித்தா எனும் ரப்பர்க் காடாயிற்று.

முதல் உலகப் போருக்குப் பின் ரப்பர் விலை விழுந்தபோது பிரிட்டிஷ் அரசு ஒரு வழி கண்டது. ஸ்டீவன்சன் என்பவர் தலைமையிலான குழு சொன்னபடி 1922 நவம்பரில் மலாயாவிலும் இலங்கையிலும் ஏற்றுமதிக்கு அளவு விதித்தார்கள். சரக்கு குறைந்தால் விலை ஏறும் என்பது கணக்கு. ஏறத்தான் செய்தது. 1925இல் நியூயார்க்கில் ஒரு பவுண்டு ரப்பர் ஒரு டாலரைத் தாண்டியது. உலக ரப்பரில் பெரும்பகுதியை வாங்கிய அமெரிக்கா கொதித்தது. வர்த்தக அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் வெளிப்படையாகவே சண்டைக்கு நின்றார்.

ஆனால் டச்சுக்காரர்கள் இந்தத் திட்டத்தில் சேரவில்லை. மலாயா குறைத்துக்கொண்ட சரக்கை சுமத்ராவும் போர்னியோவும் ஈடுகட்டின. 1928இல் திட்டத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. அதற்குள் அமெரிக்க டயர் முதலாளி ஹார்வி ஃபயர்ஸ்டோன் பிரிட்டிஷ் பிடியிலிருந்து தப்ப வேறு நிலம் தேடிப் போய்விட்டார். 1926இல் லைபீரிய அரசோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தம், பத்து லட்சம் ஏக்கர் வரை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்க வழிசெய்தது. ஆண்டு வாடகை ஏக்கருக்கு ஆறு அமெரிக்கக் காசு. கூடவே அந்த நாட்டைக் கட்டிப்போட்ட ஐம்பது லட்சம் டாலர் கடனும் வந்தது. லண்டனில் மலாயாவுக்காக எடுத்த முடிவின் விளைவு ஆப்பிரிக்காவின் ஓர் ஏழை நாட்டின் தலையில் விழுந்தது. லைபீரியா இன்றும் ஐ.நா.வின் மிகப் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் இருக்கிறது. ரப்பர் பால் இன்றும் அங்கிருந்து கப்பல் ஏறுகிறது.

1932: விலை விழுந்த ஆண்டு

பெரு மந்தம் வந்தபோது ரப்பர் விலை பவுண்டுக்குப் பத்துக் காசுக்கும் கீழே போனது. துரைமார்கள் முதலில் கூலியை வெட்டினார்கள், பிறகு ஆளை வெட்டினார்கள். 1930க்கும் 1933க்கும் இடையில் லட்சத்துக்கும் அதிகமான தமிழர்களை அரசு செலவில் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பினார்கள். வந்தபோது கூலி, விலை விழுந்தபோது உபரி. ஊரில் நிலம் இல்லாமல் வந்தவர்கள் அதே நிலமற்ற ஊருக்கே திரும்பினார்கள்.

1934 மே 7 அன்று இரண்டாவது முயற்சி. இந்த முறை பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ், இந்தியா, சயாம் ஆகியவை சேர்ந்து அனைத்துலக ரப்பர் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் செய்தன. டச்சுக்காரர்கள் உள்ளே வந்ததால் இது நிலைத்தது, விலையும் மீண்டது. ஆனால் கட்டுப்பாட்டின் பாரம் எல்லார் தோளிலும் ஒரே அளவாக விழவில்லை. ஒவ்வொரு நிலத்துக்கும் எவ்வளவு ஏற்றுமதி உரிமை என்று கணக்கிட்டபோது, கம்பெனித் தோட்டங்களுக்குத் தாராளமாகவும் சிறுதோட்டக்காரர்களுக்குக் குறைவாகவும் கொடுத்தார்கள். போருக்குப் பின் பொருளியலாளர் பி.டி. பாவர் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். காப்பார், மேரு பகுதிகளில் ஜாவாவிலிருந்து வந்து குடியேறி நாலைந்து ஏக்கரில் ரப்பர் வைத்திருந்தவர்களுக்குப் புதுக்கன்று நடுவதற்கும் தடை.

மரம் வெட்டிய தமிழருக்கு? கட்டுப்பாட்டை நடத்திய குழுவில் கம்பெனிகளுக்கு இடம் இருந்தது, டயர் ஆலைகளின் குரலுக்கும் ஓர் ஆலோசனைக் குழு இருந்தது. தொழிலாளிக்கு எங்கும் இடம் இல்லை. விலை மீண்ட பிறகும் கூலி மீளாததால், இந்திய அரசு சார்பில் சீனிவாச சாஸ்திரி வந்து பார்த்து, 1937இல் அளித்த அறிக்கையில் பழைய நாட்கூலியான ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசைத் திரும்பத் தரச் சொன்னார். 1938 ஜூனில் இந்திய அரசு உதவிப் பயணத்தில் மலாயாவுக்கு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது.

1941இல் போருக்காக உலகமே ரப்பர் கேட்டது, கம்பெனிகள் லாபம் ஈட்டின. அப்போதுதான் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் எழுந்தன. ஆர்.எச். நாதன் போன்றவர்கள் முன்நின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் பின்னால் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அவர்கள் சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற கட்டளையை எடுக்கச் சொன்னார்கள். நாதனைக் கைதுசெய்து நாடு கடத்தினார்கள். படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, ஐந்து பேர் மாண்டார்கள். விலைக்காக நாடுகள் கூடிப் பேசலாம், கூலிக்காகத் தொழிலாளிகள் கூடிப் பேசக் கூடாது என்பதே அன்றைய சட்டம்.

அரிசிக்கு ரப்பர்

போருக்குப் பின் உலக வர்த்தகத்துக்கு விதிகள் எழுத ஹவானாவில் கூடினார்கள். 1948இல் உருவான ஹவானா சாசனத்தில் சரக்கு ஒப்பந்தங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் இருந்தது. விளைவிப்போரும் வாங்குவோரும் சமமாக அமர வேண்டும் என்றது அது. அமெரிக்க நாடாளுமன்றம் அதை ஏற்காததால் சாசனம் செத்துப் பிறந்தது.

ஆனால் ஏழை நாடுகள் தாங்களாகவே ஒரு வழி கண்டதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1952இல் இலங்கையில் அரிசிப் பஞ்சம், சீனாவில் ரப்பர்ப் பஞ்சம். சீனாவுக்குப் போர்ப்பொருள் விற்கக் கூடாது என்ற ஐ.நா. தடைக்கு, அப்போது ஐ.நா. உறுப்பினராக இல்லாத இலங்கை கட்டுப்படவில்லை. ரப்பர் கொடுத்து அரிசி வாங்கும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தை இரு நாடுகளும் செய்துகொண்டன. சீனா சந்தை விலைக்கு மேலேயே கொடுத்தது. இதற்காக அமெரிக்கா இலங்கைக்கு உதவி தர மறுத்தது. ஆனாலும் ஒப்பந்தம் பல ஆண்டுகள் புதுப்பிக்கப்பட்டது.

1964இல் ஜெனீவாவில் ஐ.நா. வர்த்தக, வளர்ச்சி மாநாடு முதன்முறை கூடியது. அதன் முதல் பொதுச்செயலாளர் அர்ஜென்டினாவின் ராவுல் பிரெபிஷ். ரப்பர், காப்பி, தேயிலை விற்கும் நாடுகள் ஒரு டிராக்டர் வாங்க ஆண்டுக்காண்டு அதிக மூட்டை விற்க வேண்டியிருக்கிறது. உழைப்பு கூடக்கூட வறுமையும் கூடுகிறது என்பது அவர் வாதம். 1974இல் அந்தப் பொறுப்புக்கு இலங்கையின் பொருளியலாளர் காமனி கொரேயா வந்தார். 1976 மே மாதம் நைரோபி மாநாட்டில் 'ஒருங்கிணைந்த சரக்குத் திட்டம்' தீர்மானமாயிற்று. ரப்பர், தேயிலை, சணல், பருத்தி, ஈயம் உள்ளிட்ட பத்துச் சரக்குகளுக்கு விலை ஒப்பந்தமும், அதற்குப் பணம் தர ஒரு பொது நிதியும் வேண்டும் என்றார்கள். அந்தப் பெரிய கனவிலிருந்து புதிதாகப் பிறந்து நடந்து காட்டிய விலை ஒப்பந்தம் ஒன்றே ஒன்று: ரப்பர்.

கோலாலம்பூரில் ஒரு மேலாளர்

1980 அக்டோபரில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, உலக இயற்கை ரப்பரில் ஐந்தில் இரண்டு பங்கு மலேசியாவுடையது. ஒப்பந்தம் வேலைசெய்த முறை இதுதான். கிலோவுக்கு 210 மலேசிய-சிங்கப்பூர்க் காசு என்று அடிப்படை விலை வைத்தார்கள். சந்தை விலை அதிலிருந்து 15 விழுக்காடு இறங்கினால், கையிருப்பு மேலாளர் வாங்கலாம். 20 விழுக்காடு இறங்கினால் வாங்கியே ஆக வேண்டும். அதே அளவு ஏறினால் விற்க வேண்டும். அடித்தட்டு 150 காசு, மேல்தட்டு 270 காசு. மொத்தக் கையிருப்பு ஐந்தரை லட்சம் டன் வரை. செலவை விற்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் பாதிக்குப் பாதி ஏற்றன. இரு தரப்புக்கும் ஆளுக்கு ஆயிரம் வாக்கு. ஒரு தரப்பு மற்றொன்றைத் தள்ளிவிட்டு முடிவெடுக்க முடியாது. ஹவானாவில் செத்துப் பிறந்த எண்ணம் கோலாலம்பூரில் உயிர் பெற்றது.

சோதனை சீக்கிரமே வந்தது. 1981 கடைசியில் உலகத் தொழில் மந்தத்தால் கார் விற்பனை படுத்தது. ரப்பர் விலை சரிந்தது. மேலாளர் வாங்கினார், வாங்கிக்கொண்டே இருந்தார். 1985 வாக்கில் கையிருப்பு மூன்றரை லட்சம் டன்னைத் தாண்டியது. அதே 1985 அக்டோபரில், இதே போன்ற ஈய ஒப்பந்தம் கையில் காசில்லாமல் லண்டனில் நொறுங்கி, கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களை மூடவைத்தது. ரப்பர் ஒப்பந்தம் தாக்குப்பிடித்தது. எய்ட்ஸ் அச்சத்தால் 1987, 1988இல் கையுறைக்கும் ஆணுறைக்கும் ரப்பர் பால் தேவை பெருகியபோது, அந்தக் கையிருப்பு முழுவதையும் விற்று முடித்தார்கள். 1932இல் நடந்ததுபோல் ஆட்களைக் கப்பலேற்றி அனுப்பும் அளவுக்கு விலை விழவில்லை. இதை நன்றியோடு சொல்ல வேண்டும். பணக்கார நாடும் ஏழை நாடும் சமமாகப் பணம் போட்டு, சமமாக வாக்களித்து ஒரு சந்தையைக் காக்க முடியும் என்பதற்கு நம் நகரமே சாட்சி.

அப்படியானால் காப்பார் வட்டாரத்து லயங்களில் என்ன மாறியது? பி.பி. நாராயணன் தலைமையில் 1954இல் எழுந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் துரைமார் சங்கத்தோடு செய்த கூலி ஒப்பந்தங்கள் ரப்பர் விலையோடு கட்டப்பட்டவை. விலை ஏறினால் சில காசு கூடும், இறங்கினால் குறையும். மழை பெய்தால் மரம் நனையும், அன்று வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலியும் இல்லை. சந்தையின் ஆபத்தைத் தாங்க ஜெனீவாவில் கம்பெனிக்கும் நாட்டுக்கும் ஒரு கையிருப்பு ஏற்பாடு செய்தார்கள். மழையின் ஆபத்தையும் விலையின் ஆபத்தையும் மரம் வெட்டுபவர் தனியாகத் தாங்கினார். மாதச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை ஜெனீவா ஒப்பந்தத்தின் ஆயுள் முழுவதும் நிறைவேறாமலே கிடந்தது.

முடிவு வந்த விதம்

ஒப்பந்தம் இரண்டு முறை புதுப்பிக்கப்பட்டது. மூன்றாவது ஒப்பந்தம் 1997இல் நடப்புக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஆசிய நிதி நெருக்கடி. மலேசிய வெள்ளியின் மதிப்பு சரிந்தது. இங்கேதான் கோளாறு. ஒப்பந்தத்தின் விலையளவு மலேசிய-சிங்கப்பூர்க் காசில் இருந்தது. டாலரில் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனாலும், வெள்ளி மெலிந்ததால் காசுக் கணக்கில் விலை அவ்வளவு இறங்கியதாகத் தெரியவில்லை. மேலாளர் வாங்குவதற்கான எல்லையைச் சந்தை எட்டவில்லை என்று விதி சொன்னது; பால் விற்பவர்களுக்கோ அரிசி முதல் உரம் வரை எல்லாம் ஏறியிருந்தது. அடிப்படை விலையை உயர்த்தக் கேட்டபோது வாங்கும் நாடுகள் இணங்கவில்லை. 1998 அக்டோபரில் மலேசியா விலகுவதாக அறிவித்தது, தாய்லாந்தும் பின்தொடர்ந்தது. 1999 அக்டோபரில் அமைப்பு கலைந்தது. சந்தையில் இறங்கி வாங்கி விற்ற உலகின் கடைசிச் சரக்கு ஒப்பந்தம் அதுதான்.

அதற்குள் காப்பாரும் மாறியிருந்தது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனையை வெட்டி வீடு கட்டினார்கள். நார்த் ஹம்மோக் தோட்டம் இன்று செத்தியா ஆலாம் நகர். லயத்தை விட்டு வெளியேறியவர்களின் கதையைப் பின்னால் தனியே எழுத வேண்டும்.

இப்போது வெட்டுவது யார்?

ஐ.நா. 1971இல் 'மிகப் பின்தங்கிய நாடுகள்' என்று ஒரு பட்டியல் வகுத்தது. தொடக்கத்தில் 25 நாடுகள், இன்று 44. உலக ஏற்றுமதியில் இவை அத்தனைக்கும் சேர்த்துக் கிடைப்பது நூற்றுக்கு ஒன்று அளவே. 2005 ஹாங்காங் வர்த்தக மாநாட்டில், இந்நாடுகளின் சரக்கு வகைகளில் 97 விழுக்காட்டைத் தீர்வையும் அளவும் இல்லாமல் உள்ளே விடுவதாகப் பணக்கார நாடுகள் வாக்களித்தன. நாட்டு வருமானத்தில் 0.15 முதல் 0.20 விழுக்காட்டை இவற்றுக்கு உதவியாகத் தருவதாகவும் மாநாட்டுக்கு மாநாடு சொல்கின்றன. பெரும்பாலான நாடுகள் அந்த அளவைத் தொட்டதில்லை.

அந்தப் பட்டியலில் நேபாளம், வங்காளதேசம், மியன்மார் உண்டு. அந்நாட்டு இளைஞர்கள் இன்று காப்பார், மேரு, கிள்ளான் தொழிற்பேட்டைகளில் ரப்பர்க் கையுறைத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். அவர்கள் நாட்டுச் சரக்கு தீர்வையின்றிப் போகலாம். அவர்களோ கடனில்லாமல் வர முடியவில்லை. தரகருக்குக் கட்டிய பணத்தை அடைக்கவே பல மாதச் சம்பளம் போகிறது.

இங்கே நம் முன்னோர் கதையிலிருந்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1907இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றைச் சட்டமாக்கினார்கள். தமிழ் ஆட்களை வைத்திருந்த முதலாளிகள் அனைவரிடமும் வரி வசூலித்து, அதிலிருந்து கப்பல் கட்டணம் கொடுத்தார்கள். பயணக் கடன் ஆளின் தலையில் ஏறக் கூடாது என்பது விதி. கங்காணியிடம் வாங்கிய முன்பணமும் கடைக்கடனும் தொடர்ந்தன என்றாலும், பயணச் செலவு முதலாளியுடையது என்பது சட்டமாகவே இருந்தது. காலனி ஆட்சி ஒப்புக்கொண்ட அந்த நியாயம், நூறாண்டு கழித்து வந்த நேபாளிக்குக் கிடைக்கவில்லை.

2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பின் அடையாளங்கள் உண்டென்று கூறி, டாப் குளோவ் நிறுவனத்தின் இரு துணை நிறுவனங்களின் கையுறைகளை நாட்டுக்குள் விடாமல் நிறுத்தியது. அதன்பின் அந்நிறுவனம் தொழிலாளிகள் கட்டிய தரகுக் கட்டணத்துக்கு ஈடாக 13 கோடி வெள்ளிக்கு மேல் திருப்பிக் கொடுத்தது. 2021 செப்டம்பரில் தடை தளர்ந்தது. வர்த்தக வாசலில் நின்று "இதைச் செய்தவருக்கு என்ன கொடுத்தாய்?" என்று ஒருவர் கேட்டதும், பணம் செய்தவரின் கைக்கே போய்ச் சேர்ந்தது. ஸ்டீவன்சன் திட்டமும் 1934 ஒப்பந்தமும் ஜெனீவா ஒப்பந்தமும் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வி அது.

அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை ஒரு பணக்கார நாட்டின் சுங்க அதிகாரியிடம் மட்டும் இருப்பது நல்லதல்ல. இன்று அவர் விருப்பப்பட்டுக் கேட்பார், நாளை தன் நாட்டு ஆலைக்காக மறப்பார். கோலாலம்பூரில் ஆயிரத்துக்கு ஆயிரம் வாக்கு என்று சமமாக அமர்ந்து விலையைக் காத்தார்கள் அல்லவா? அதே மேசையில் தொழிலாளிக்கும் நாற்காலி போட வேண்டும். கம்போடியா, லாவோஸ், மியன்மார், லைபீரியா என ரப்பர் விளையும் மிக ஏழை நாடுகளுக்கு இனி எந்த ஒப்பந்தம் எழுதினாலும், கிலோவுக்கு எவ்வளவு என்பதற்குப் பக்கத்திலேயே வெட்டுபவருக்கு எவ்வளவு என்பதையும் எழுத வேண்டும். கித்தா காட்டில் மூன்று தலைமுறை உழைத்தும் அந்த இரண்டாவது எண்ணைக் காணாத சமூகம் நாம். அதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நேபாளிக்காகவும் வங்காளிக்காகவும் கேட்கும் கடமையும் உண்டு.

அடுத்த வாரம்: மாதச் சம்பளத்துக்காகத் தோட்டப் பாட்டாளிகள் நடத்திய நெடும் போராட்டம்.